பர்தா வீடும் படகு வீடும்: பேறுகால உடற்பயிற்சியின் இந்திய வரலாறு

கருவுற்ற பெண்களுக்காக இந்திய நகரங்களில் இன்று நடத்தப்படும் உடற்பயிற்சி வகுப்புகளில் சில பயிற்சிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. குந்தி அமர்தல், சம்மணமிட்டு அமர்தல், இடுப்பை முன்னும் பின்னுமாகச் சாய்த்தல், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரித்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சம்மணத்திற்கு ஆங்கிலக் கையேடுகள் ‘தையற்காரர் இருக்கை’ என்று பெயர் சூட்டியுள்ளன. இந்தியக் கல்லூரிகளில் இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர்களும் அந்தப் பெயரிலேயே அதனைக் கற்கின்றனர். தரையில் அமர்ந்து உண்டு, குந்தி அமர்ந்து அரிந்து, இடித்து, கூட்டிப் பெருக்கி வாழ்ந்த ஒரு நாட்டுக்கு இந்த இருக்கைகள் லண்டன் மருத்துவமனைகளின் பயிற்சி நூல்கள் வழியாக வந்து சேர்ந்தன என்பது வியப்புக்குரியது. அந்நூல்களின் வேர்களுள் ஒன்று ஸ்ரீநகரில் இருக்கிறது என்பது அதனினும் வியப்புக்குரியது.

1926ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் காஷ்மீரில் காணப்பட்ட ஆஸ்டியோமலேசியா பற்றி ஒரு கட்டுரை வெளியானது. அதை எழுதிய காத்லீன் ஓல்கா வாகன், ஸ்ரீநகரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர். ஆஸ்டியோமலேசியா என்பது வளர்ந்தவர்களின் எலும்பு சுண்ணச் சத்து ஏறாமல் மென்மையாகிவிடும் நோய். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயும் இதுவும் ஒரே குறைபாட்டின் இரு வடிவங்கள். முதலில் தொடையிலும் இடுப்பிலும் வலி தோன்றும். பின்னர் நடை தள்ளாடும். தரையிலிருந்து எழுவதே பெரும்பாடாகும். வயிற்றுப் பிள்ளையும் முலைப்பாலும் தாயின் எலும்பிலிருந்து சுண்ணச் சத்தை எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு பேற்றுக்குப் பின்னும் நோய் ஒரு படி முற்றும். இறுதியில் உடலின் பாரம் தாங்காமல் இடுப்புக்கூடு உள்நோக்கி நசுங்கிவிடும். முதல் பிள்ளையை எளிதாகப் பெற்ற பெண் நான்காம் பேற்றில் பிள்ளையின் தலை வெளிவர வழியின்றி நாட்கணக்கில் துடிப்பாள். அறுவை மருத்துவம் எட்டாத இடத்தில் அது தாய்க்கும் சேய்க்கும் சாவாகவே முடிந்தது.

இந்நோய் காஷ்மீருக்கு மட்டும் உரியதன்று. 1922இல் ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் நாசிக் வட்டாரத்தில் தாம் கண்ட ரிக்கெட்ஸ் நோய் பற்றி எழுதினர். நல்ல உணவு உண்ணும் வசதியான வீடுகளில், பர்தா முறையில் அடைபட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் நோய் காணப்பட்டது. அவர்களைவிட எளிய உணவை உண்டு வெளியில் திரிந்த ஏழைப் பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. 1925இல் கிரேஸ் ஸ்டேபிள்டன் தில்லியில் கண்ட நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். அதே ஆண்டுகளில் முதல் உலகப் போரால் நலிந்திருந்த வியன்னா நகரில் ஹாரியட் சிக்கும் அவருடைய குழுவினரும், மீனெண்ணெயும் சூரிய ஒளியும் தனித்தனியாகவே ரிக்கெட்ஸைக் குணப்படுத்தும் என்று நிறுவினர். உணவிலும் வெயிலிலும் உள்ள ஏதோ ஒன்று எலும்பை ஆக்குகிறது என்னும் அறிவு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. வைட்டமின் டி என்னும் பெயர் அதன் விளைவு.

இந்தப் பின்னணியில் வாகன் செய்த ஒப்பீடு எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஸ்ரீநகரின் நெருக்கமான சந்துகளில், உயர்ந்த சுவர்களுக்குள், பருவமெய்திய நாள்முதல் வெளியே வராமல் வாழ்ந்த பெண்கள் ஒருபுறம். ஜீலம் ஆற்றிலும் தால் ஏரியிலும் படகையே வீடாகக் கொண்டு, துடுப்பு வலித்து, நெல் குற்றி, படகின் தளத்தில் குந்தி அமர்ந்து நாள் முழுவதும் வேலை செய்த ஹாஞ்சி இனப் பெண்கள் மறுபுறம். இரு சாராருக்கும் ஊர் ஒன்று, குளிர் ஒன்று, குடிநீர் ஒன்று. செல்வத்தில் படகுப் பெண்கள் மிகத் தாழ்ந்தவர்கள். ஆயினும் இடுப்பு நசுங்கி மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்கள் சந்து வீடுகளின் பெண்களே. படகுப் பெண்கள் படகிலேயே பெற்று எழுந்தனர். வெளிச்சமின்மையே காரணம் என்னும் முடிவுக்கு வாகன் வந்தார். 1928இல் பர்தா முறையும் தாய்மையின் மீது அதன் விளைவும் என்னும் பொருளில் ஒரு நூலையும் வெளியிட்டார்.

அந்நூல் வெளிவந்த காலத்தை மறந்துவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டான 1927இல்தான் அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ வெளியாகி, இந்தியரின் குடும்ப வாழ்வே அவர்களின் தன்னாட்சிக்குத் தடை என்று வாதிட்டு, நாடெங்கும் கடும் சினத்தைக் கிளப்பியிருந்தது. இந்தியப் பெண்ணின் உடல் பேரரசின் வழக்கில் சான்றாக வைக்கப்பட்டிருந்த நேரம் அது. வாகனின் நூலும் அந்த வெளிச்சத்திலேயே படிக்கப்பட்டிருக்கும். எனினும் அடைபட்ட வாழ்வைப் பற்றிய குறை வெளியாரின் குரலாக மட்டும் இருக்கவில்லை. வங்கத்தில் ரோக்கியா சகாவத் ஹுசைன் 1931இல் வெளியிட்ட ‘அவரோத்பாசினி’ என்னும் நூல், பர்தாவுக்குள் பெண்கள் பட்ட இன்னல்களை உள்ளிருந்தே எடுத்துக்காட்டியது. வாகனின் பார்வையிலும் ஒரு குறை உண்டு. உழைக்கும் பெண் வலியின்றி எளிதாகப் பெறுவாள் என்னும் நம்பிக்கை அக்காலத்து ஐரோப்பியர் பலரிடம் இருந்தது. ஏழைப் பெண்கள் குருதிப்போக்காலும் சன்னியாலும் மடிந்ததை அந்நம்பிக்கை மறைத்தது. படகுப் பெண்ணின் இடுப்பெலும்பு உறுதியாக இருந்தது என்பது உண்மையாக இருக்கலாம். அவளுடைய வாழ்வு எளிதாக இருந்தது என்பது அதனால் உண்மையாகிவிடாது.

வாகனின் அடுத்த வாதம் இன்னும் முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியலாளர்கள் பெண்களின் இடுப்புக்கூட்டை அளந்து, அதன் வடிவத்தை இனத்தோடு சேர்த்து வகைப்படுத்தி வந்தனர். வாகன் 1931இல் எழுதிய கட்டுரையில் இடுப்பு வளையத்தின் வடிவமே பேற்றைத் தீர்மானிக்கிறது என்றார். அந்த வடிவத்துக்கான காரணத்தையோ அவர் ஒரு பெண் சிறுமியாக வளர்ந்த விதத்தில் தேடினார். ஒளி, உணவு, ஓடியாடும் உரிமை ஆகியவை வாய்த்த சிறுமியின் இடுப்பு வட்டமாக வளரும். அவை மறுக்கப்பட்ட சிறுமியின் இடுப்பு தட்டையாகும் என்பது அவர் கருத்து. 1937இல் வெளியான அவருடைய ‘சேஃப் சைல்ட்பர்த்’ என்னும் நூல் பாதுகாப்பான பேற்றுக்கு மூன்று தேவைகளைச் சுட்டியது: வட்டமான இடுப்பு வளையம், நெகிழ்வான மூட்டுகள், இயல்பான இருக்கை நிலை. முதலாவது சிறு வயது முழுவதும் வாழ்ந்து பெறவேண்டியது. மற்ற இரண்டும் கருவுற்ற பின் பயிற்சியால் ஓரளவு பெறக்கூடியவை.

அந்த இரண்டையும் ஏற்றுக்கொள்ள லண்டனில் களம் ஆயத்தமாக இருந்தது. 1912இலேயே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர் ஃபேர்பேர்ன், உடல் தேய்ப்புப் பயிற்சிப் பள்ளியை நடத்திய மின்னி ராண்டலிடம், பிள்ளைபெற்றுப் படுக்கையில் கிடக்கும் பெண்களுக்கான பயிற்சிகளை வகுக்குமாறு கேட்டிருந்தார். செல்வர் வீட்டுப் பெண்கள் பணம் கொடுத்துப் பெற்றுவந்த சுவீடன் முறை உடற்பயிற்சி பொது மருத்துவமனையின் ஏழைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம் அதன் பின்னே இருந்தது. ராண்டல் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். 1936இல் நடனக் கலைஞர் மார்கரெட் மாரிஸ் பேறுகாலப் பயிற்சிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1948இல் ஹெலன் ஹேர்ட்மன், ராண்டலின் பயிற்சிகளையும் வாகனின் இருக்கை நிலைகளையும் கிராண்ட்லி டிக்-ரீடின் தளர்வு முறையையும் இணைத்து ஒரு நூலாக்கினார். அதே ஆண்டு பிரிட்டனில் பேறுகாலப் பணியில் ஈடுபட்ட இயன்முறை மருத்துவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். அட்லாண்டிக்கின் மறுகரையில் ஆர்னால்டு கேகல், பேற்றுக்குப் பின் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டதும் 1948இல்தான். பேறுகால இயன்முறை மருத்துவம் என்னும் தனித்துறை இவ்வாறு உருப்பெற்றது.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காஷ்மீரிலிருந்து லண்டனுக்குக் குந்துதலும் சம்மணமும் சென்றன. வாகன் முதன்மையாகக் கருதிய வெளிச்சம் பயிற்சி வகுப்பின் பாடத்தில் இடம்பெறவில்லை. பிரிட்டனில் அதனால் பெருங்கேடு விளையவில்லை. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மலிவு விலைப் பாலும் ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் வழங்கத் தொடங்கிவிட்டது. எலும்புக்கு வேண்டியதை அரசின் உணவுத் திட்டம் பார்த்துக்கொண்டது. தசைக்கும் மூட்டுக்கும் வேண்டியதைப் பயிற்சி வகுப்பு பார்த்துக்கொண்டது. ஒன்றன் மீது மற்றொன்று நின்றது. அத்துறை இந்தியாவுக்கு வந்தபோது பயிற்சி மட்டும் வந்தது. அது நிற்பதற்கான தளம் இங்கே போடப்படவில்லை.

குந்துதலும் எண்ணெய்த் தேய்ப்பும் வயிற்றுக் கட்டும் இந்தியாவில் தொன்றுதொட்டு இருந்தவை. சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானத்தில், பிள்ளைபெற்றவளுக்கு நெய் முதலியவற்றைப் பருகக் கொடுத்து, வயிற்றில் எண்ணெய் தேய்த்து, அகன்ற துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டவேண்டும் என்று கூறப்படுகிறது. பிள்ளைப்பேற்றையும் குழந்தை மருத்துவத்தையும் பேசும் காசியப சம்ஹிதை இன்னும் நுணுக்கமானது. நேபாளத்தில் கிடைத்த சிதைந்த சுவடியைக் கொண்டு ஹேமராஜ சர்மா பதிப்பித்த அந்நூல் 1938இல் அச்சேறியது. ஓராண்டு கடந்தும் நடவாத குழந்தையின் நோயை அது ‘பக்கம்’ என்று பெயரிட்டு மூன்றாகப் பிரிக்கிறது: தாயின் பால் கெட்டதால் வருவது, தாய் மீண்டும் கருவுற்றதால் வருவது, வேறு நோயால் வருவது. மூன்றில் இரண்டு வகைகளுக்குத் தாயின் உடல்நிலையே காரணமாகச் சுட்டப்படுகிறது. எண்ணெய்த் தேய்ப்பும் ஊட்டமும் கூறியபின், நடை பழக மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுக்கவும் அந்நூல் விதிக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தை தள்ளிக்கொண்டு நடக்கும் மூன்று சக்கர நடைவண்டியை அறிந்தவர்களுக்கு அந்த வண்டியை விளக்கவேண்டியதில்லை.

நூலில் இருந்த அறிவு நூலிலேயே நின்றுவிடவில்லை. ஆனால் அதைக் கையால் செய்தவர்கள் நூல் எழுதும் நிலையில் இல்லை. வட இந்தியாவில் ‘தாயி’ என அழைக்கப்பட்ட மருத்துவச்சியும், பேற்றுக்குப் பின் உடல் தேய்த்துவிட வந்த நாவிதர் வீட்டுப் பெண்ணும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். பேற்றுத் தீட்டு அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. குருதியைத் துடைப்பதும் கொடியை அறுப்பதும் நஞ்சுக்கொடியைப் புதைப்பதும் அவர்கள் கடமை. ‘ஜாபா’ எனப்படும் நாற்பது நாள்களில் கடுகெண்ணெயோ நெய்யோ கொண்டு தாயின் முதுகையும் இடுப்பையும் காலையும் தேய்த்துவிட்டதும், குளிர்காலத்து முற்றத்து வெயிலில் பிள்ளையைக் காலில் கிடத்தி ‘மாலிஷ்’ செய்ததும் அதே வகுப்பாரின் கைகளே.

ஆங்கில ஆட்சி இந்தக் கைகளைக் கண்டது அழுக்காகத்தான். 1885இல் டஃபரின் சீமாட்டியின் முயற்சியால் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் உதவி வழங்கும் நிதியம் தொடங்கப்பட்டது. 1903இல் கர்சன் சீமாட்டி, விக்டோரியா அரசியின் நினைவாக, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் உதவித்தொகை நிதியத்தை நிறுவினார். அந்நிதியம் பதினைந்து ஆண்டுப் பணியின் முடிவில் 1918இல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் பல பகுதிகளில் பணியாற்றிய பெண் மருத்துவர்களின் பதிவுகள் தொகுக்கப்பட்டன. சாளரம் அடைத்த அறை, கரிப்புகை, கந்தைத் துணி, கழுவாத கை, துருப்பிடித்த கருவி என்று அப்பதிவுகள் நீள்கின்றன. அவற்றில் பொய்யில்லை. கொடி அறுத்த இடத்தில் நுழைந்த வில்வாத நோயால் எண்ணற்ற சிசுக்கள் மடிந்தன. கைவழி நுழைந்த கிருமியால் தாய்மார் சன்னி கண்டனர். மேயோ தம் நூலுக்குப் பயன்படுத்தியதும் இத்தகைய பதிவுகளைத்தான். பேற்றறையின் புகைக்கும் இருட்டுக்கும் வீட்டாரின் தீட்டு நம்பிக்கை பொறுப்பு. கந்தைத் துணியைக் கொடுத்தது வீட்டார். பழி விழுந்ததோ கூலிக்கு வந்தவள் மீது.

ஒரே கை மூன்று வேலைகளைச் செய்தது: பிள்ளையை வாங்கியது, கொடியை அறுத்தது, பிறகு நாற்பது நாள் உடலைத் தேற்றியது. முதல் இரண்டிலும் உயிராபத்து இருந்ததால் சீர்திருத்தம் அவற்றைப் பற்றிக்கொண்டது. மூன்றாவதை யாரும் ஆராயவில்லை, யாரிடமும் ஒப்படைக்கவுமில்லை. இறப்பைக் கணக்கிட்ட ஆட்சிக்கு, இறவாமல் இடுப்பு தளர்ந்தும் கருப்பை இறங்கியும் வாழ்ந்த பெண்கள் கணக்கில் வரவில்லை. 1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,00,000 பெண்கள் பேற்றோடு தொடர்புடைய காரணங்களால் இறப்பதாக மதிப்பிடப்பட்டது. அத்தனை சாவுகளுக்கு முன்னே உடல் தேறுதல் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். அந்தத் தயக்கம் பிற்காலத்திலும் நீடித்ததுதான் வருந்தத்தக்கது.

மருத்துவச்சியின் கையைக் கொண்டாடிவிடவும் முடியாது. பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் ஆகியோர் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டச் சிற்றூர்களில் ஆய்வு செய்து 1989இல் வெளியிட்ட நூல், அங்கே தாயி ஒரு நிபுணராக மதிக்கப்படவில்லை என்று காட்டியது. வறுமையால் அந்த இழிதொழிலுக்குத் தள்ளப்பட்டவளாக அவள் இருந்தாள், பேற்றறையில் முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு இல்லை, கூலியும் சொற்பம். அவளிடம் தேர்ச்சி இருந்த இடங்களிலும் அத்தேர்ச்சிக்கு விலை வைக்கப்படவில்லை. அறிவு என்று பெயர் பெறாத ஒன்றைக் காப்பாற்றவேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி 1953இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. அதைத் தேவையாக்கியது இளம்பிள்ளைவாதம். கால் சூம்பிய குழந்தைகளை நிற்கவும் நடக்கவும் வைப்பதே அதன் முதல் பணி. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர்கள் சங்கம் உருவானது. எலும்பு முறிவு, பக்கவாதம், தொழுநோயால் மடங்கிய விரல்கள் என்று துறை விரிந்தது. பேறுகாலம் பாடத்திட்டத்தில் ஓர் இயலாக இருந்தது. அரசு மருத்துவமனைகளின் பேறுகால வார்டில் அதற்கென ஒரு பணியிடம் இருந்தது அரிது. நாவிதர் வீட்டுப் பெண் விட்டுச்சென்ற இடத்தில் வெள்ளைச் சீருடை அணிந்தவர் யாரும் வந்து அமரவில்லை.

பின்னர் பேறே வீட்டை விட்டு வெளியேறியது. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா மருத்துவமனைப் பேற்றுக்கு ஊக்கத்தொகை அளித்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பேறு, 2019-21இல் 88.6 விழுக்காடாக உயர்ந்தது. 2004-06இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 254 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. இது பெருஞ்சாதனை, இதைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. அதே காலத்தில் அறுவைப் பேறு 8.5 விழுக்காட்டிலிருந்து 21.5 விழுக்காடாயிற்று; தனியார் மருத்துவமனைகளில் 47.4 விழுக்காடு. வயிற்றுச் சுவர் அறுபட்ட பெண்களின் தொகை இவ்வளவு பெருகியும், அவர்கள் எப்போது குனியலாம், எதைத் தூக்கலாம், எந்தத் தசையை எப்படி மீட்கவேண்டும் என்று சொல்லி அனுப்பும் ஏற்பாடு அந்த வேகத்தில் வளரவில்லை. இன்னொரு முரணும் உண்டு. உடற்பயிற்சி வகுப்பில் குந்தக் கற்ற பெண், பேற்றறையில் மல்லாந்தே கிடத்தப்படுகிறாள். குந்திய நிலையில் இடுப்பின் வெளிவாய் ஓரளவு விரிவதைக் காந்த அலைப் படங்கள் காட்டியுள்ளன. பேற்றின்போது தனக்கு உகந்த நிலையைப் பெண்ணே தேர்ந்துகொள்ள இடமளிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் இந்திய அரசும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிச் செவிலியர்களைப் பேற்றறைக்குக் கொண்டுவரும் வழிகாட்டுதலை வெளியிட்டது. துரத்தப்பட்ட சொல் ஒரு நூற்றாண்டு கழித்துப் பட்டயத்தோடு திரும்புகிறது.

குழந்தையின் மாலிஷும் இதுபோல் ஊர் சுற்றித் திரும்பியதே. பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் ஃபிரெடெரிக் லெபொய்யே, கல்கத்தாவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு, அவளுடைய கையசைவுகளைப் படம் பிடித்து, 1976இல் அவள் பெயரையே தலைப்பாக இட்டு ‘சாந்தலா’ என்னும் நூலை வெளியிட்டார். தலைப்பில் பெயர் நின்றது என்னும் அளவில் அவர் மற்றவர்களைவிட நேர்மையானவர். மேற்கு நாடுகளில் குழந்தைத் தேய்ப்பு வகுப்புகள் பரவ அந்நூல் பெருந்துணையாயிற்று. இன்று இந்திய நகரங்களிலும் அத்தகைய வகுப்புகள் கட்டணத்துக்கு நடக்கின்றன. ஆய்வும் தொடர்ந்தது. 2000இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியான ஓர் ஆய்வு 125 குழந்தைகளிடம் பல எண்ணெய்களை ஒப்பிட்டு, நல்லெண்ணெய்த் தேய்ப்பு வளர்ச்சிக்குத் துணைசெய்வதாகக் கண்டது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, எலிகளின் தோலில் கடுகெண்ணெய் தோலின் காப்புத்திறன் மீள்வதைத் தாமதப்படுத்துவதைக் காட்டியது. பழக்கத்தை முழுதாகத் தள்ளவும் முழுதாகக் கொள்ளவும் தேவையில்லை என்பதற்கு இவை நல்ல சான்றுகள். 1918இன் அறிக்கைக்காரர்கள் மருத்துவச்சியின் மூன்றாவது வேலையை இத்தகைய பொறுமையோடு நோக்கியிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

குழந்தை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்துள்ளது. 2013இல் அறிமுகமான தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் தொடக்கத்திலேயே கண்டறிய மாவட்டந்தோறும் மையங்களை அமைக்க வழிசெய்தது. இயன்முறை மருத்துவரும் அம்மையக் குழுவில் ஒருவர். கழுத்து நிற்காத, உரிய காலத்தில் உட்காராத பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்ட அரசுத் துறையில் ஓரிடம் உருவானது. அவளே பெற்று ஓராண்டும் ஆகாத உடலோடு பிள்ளையைச் சுமந்துவரும் தாயின் முதுகைப் பார்ப்பது அத்திட்டத்தின் வேலையன்று. தாயையும் சேயையும் ஒரே நோயின் இரு பக்கங்களாகக் கண்ட காசியப சம்ஹிதையின் பார்வை இன்னும் நிருவாகக் கோப்புகளுக்குள் நுழையவில்லை.

வாகனின் வெளிச்சம் என்னவாயிற்று? 2005இல் லக்னோவில் 207 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 84 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. அவர்கள் பெற்ற பிள்ளைகளிடமும் குறைபாடு தொடர்ந்தது. பர்தா வீடுகள் குறைந்த காலத்தில் அடுக்ககங்களும், சாளரமற்ற பணிக்கூடங்களும், பெண் தனியே உலவ அஞ்சும் தெருக்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 2019-21 கணக்கில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். 2017இன் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. வயலிலும் செங்கற்சூளையிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் வேலை செய்யும் பெரும்பான்மைப் பெண்களுக்கு அது பொருந்தாது. நாற்பது நாள் ஓய்வு என்னும் பழைய வழக்கமும் கூலி இழப்பைத் தாங்கும் வீட்டுக்கே வாய்த்தது.

ஆதலால் பேறுகால இயன்முறை மருத்துவத்தின் இந்திய வரலாற்றை, பண்டைய அறிவை மேலைநாட்டார் கவர்ந்து சென்ற கதையாகச் சொல்வது போதாது. மேலை அறிவியல் இருளை நீக்கிய கதையாகச் சொல்வதும் போதாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அசைவு கைமாறியது. அந்த அசைவைச் சாத்தியமாக்கிய சூழல் பின்னே விடப்பட்டது. படகுப் பெண்ணிடமிருந்து குந்துதல் சென்றது, அவளுடைய வெயில் செல்லவில்லை. தேய்ப்புக்காரியிடமிருந்து கையசைவு சென்றது, அவளுக்குரிய கூலியும் மதிப்பும் எங்கிருந்தும் வரவில்லை. எலும்பில் சுண்ணம் இல்லாத, குருதியில் இரும்பு இல்லாத, மறுநாளே வேலைக்குத் திரும்பவேண்டிய உடலுக்கு எந்தப் பயிற்சி அட்டவணையும் உதவாது. ஒரு தாலுகா மருத்துவமனையின் பேறுகால வார்டில் இயன்முறை மருத்துவர் ஒருவரை அமர்த்துவது அரசுக்கு எட்டாத செலவன்று. அவர் அங்கே அமர்ந்த பின், தம்மிடம் வரும் பெண்ணிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்விகளை வாகன் 1920களிலேயே கேட்டுவிட்டார்: அவள் என்ன உண்கிறாள், எந்த அறையில் வாழ்கிறாள், நாளில் எத்தனை நாழிகை வெயில் அவள் மேல் படுகிறது.